எலக்ட்ரானிக் த்ராட்டில் கோளாறை மல்டிமீட்டரால் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் கார்களுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்யும் என்னிடம், அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் மெக்கானிக்குகளும், சொந்த வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கூட்டிக் குறைக்கும் பாகம், விலை அதிகமானது. கடன் வாங்கி அதை மாற்றிய பிறகும் அதே செக் லைட்டோடு வண்டி திரும்பி வருவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பழுது ஒயரில் இருக்கிறதா, பாகத்தில் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் ஒரு மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆக்சிலேட்டர் கேபிளே இல்லாத வண்டியில, காலை அழுத்தினா த்ராட்டில் எப்படித் திறக்குது?

பெடலின் மேற்பகுதியில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. நீங்கள் எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள் என்பதை அவை வோல்டேஜாக இ.சி.யு.வுக்கு, அதாவது இன்ஜினை ஆளும் கணினிக்குச் சொல்கின்றன. இ.சி.யு. அதைக் கணக்கிட்டு, த்ராட்டில் பாடியில் இருக்கும் சிறிய டி.சி. மோட்டாரை ஓட்டுகிறது, மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகத் தகட்டைத் திருப்புகிறது, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அங்குள்ள வேறு இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன. பெங்களூரு உள்ளிட்ட 13 பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு இறங்கிய பெட்ரோல் கார்களில் கேபிள் படிப்படியாக மறைந்து இந்த அமைப்பே பரவியது.

எல்லா இடத்திலும் சென்சார்கள் இரட்டையாக இருப்பது பாதுகாப்புக்காக. ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இ.சி.யு. வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். தகட்டின் இரண்டு சென்சார்களையுமே நம்ப முடியாது என்றால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடும். அப்போது ஸ்பிரிங் தகட்டைச் சற்றே திறந்த நிலையில் பிடித்துக்கொள்வதால் வண்டி ஊர்ந்து போகும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம்.

எஸ்.பி. ரோட்டில கிடைக்கிற மலிவான மஞ்சள் மீட்டர் போதுமா, இல்ல விலை கூடினதுதான் வாங்கணுமா?

கற்றுக்கொள்ளவும், 5 வோல்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் அது போதும். ஆனால் நூறில் ஒரு பங்கு வோல்ட் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கும் வேலை இது என்பதால், 10 மெகாஓம் உள்தடை உள்ளதும், குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ளதுமான மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. மீட்டருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை அதன் ஒயர்களுக்கும் கொடுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு ஓம் அளவைப் பாருங்கள். அதில் வரும் 0.2 அல்லது 0.4 ஓம் ஒயர்களின் சொந்தத் தடை, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கூடவே, கப்ளரின் (ஒயர்கள் வந்து பாகத்தில் மாட்டும் இணைப்பு) பின்பக்கத்தில் ஒயரை ஒட்டி நுழைக்கக்கூடிய மெல்லிய ஊசிமுனைகள் வேண்டும். ஒயரின் தோலைக் குத்தி அளக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் துளை வழியாக நம் ஊர் மழை உள்ளே போய், ஆறு மாதம் கழித்து இன்னொரு பழுதாக வந்து நிற்கும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இந்த ஒயர்களில் வைக்கவே கூடாது; அது இழுக்கும் மின்சாரத்தை இ.சி.யு.வின் 5 வோல்ட் சர்க்யூட் தாங்காது.

ஸ்கேனர் போட்டா பி2135-ன்னு சொல்லுதே, அப்புறம் மீட்டர் எதுக்கு?

பி2135 என்பது இ.சி.யு. பதிவு செய்யும் பழுதுக் குறியீட்டு எண், இதைக் கோடு (code) என்போம். த்ராட்டில் பாடியின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை என்று அதற்குப் பொருள். பி2138 என்றால் அதே புகார், ஆனால் பெடல் சென்சார்கள் மீது. எந்தச் சென்சார் பொய் சொல்கிறது, பொய்யா அல்லது ஒயரில் போகும் வழியில் உண்மை கெட்டுப்போனதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. இ.சி.யு.வுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதை ஸ்கேனர் காட்டுகிறது. சென்சாரிலிருந்து என்ன கிளம்பியது என்பதை மீட்டர் காட்டுகிறது. இரண்டும் வேறாக இருந்தால் பழுது நடுவில் இருக்கிறது.

முதல்ல எங்கே கையை வைக்கணும் அண்ணே?

பேட்டரியில். இன்ஜின் ஓடாமல் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வரை. பலவீனமான பேட்டரியோடு ஸ்டார்ட் ஆகும் வண்டியில் த்ராட்டில் கோடுகள் பொய்யாக விழுவதுண்டு.

அடுத்து கண்ணால் பாருங்கள். த்ராட்டில் கப்ளரின் பூட்டு உடைந்திருக்கிறதா, அதன் ரப்பர் இருக்கிறதா, எலி கடித்த இடம் இருக்கிறதா, ஒயரிங் ஏதாவது பிராக்கெட்டின் ஓரத்தில் உரசுகிறதா. இரவில் திறந்த இடத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வயரிங் டயகிராம் இல்ல. ஆறு ஒயர்ல எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

டயகிராம் தேடிக் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கிடைக்காதபோது, த்ராட்டில் பாடியின் கப்ளரைக் கழற்றாமல், சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஒன்றில் அசையாத 5 வோல்ட் இருக்கும், அது சப்ளை. ஒன்றில் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கும், அது சென்சார் எர்த். உதவியாளரைப் பெடலை மெதுவாக அழுத்தச் சொன்னால், பெரும்பாலான வண்டிகளில் இரண்டு ஒயர்களின் அளவு சீராக நகரும், அவை சிக்னல்கள். மீதமுள்ள இரண்டிலும் அளவு நிலையில்லாமல் குதிக்கும், அவை மோட்டாருக்குரியவை.

உறுதி செய்துகொள்ள, சாவியை ஆஃப் செய்து, சில நிமிடம் பொறுத்து, கப்ளரைக் கழற்றி, பாடியின் பக்கம் அந்த இரண்டு மோட்டார் பின்களுக்கு இடையே ஓம் அளந்தால் ஒற்றை இலக்கத்தில் சில ஓம்கள் காட்டும்.

பெடல் சென்சார்ல எவ்வளவு வோல்ட் வந்தா சரி?

வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் அதிகம் காணப்படும் வகை ஒன்று உண்டு. அதில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் சரிபாதியாக இருக்கும். காலை எடுத்த நிலையில் முதலாவது 0.76, இரண்டாவது 0.38, முழுவதும் அழுத்தினால் முதலாவது 3.9 பக்கம், இரண்டாவது 1.95 பக்கம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் பாதி, பாதிதான். டொயோட்டா போன்ற வேறு சில வகைகளில் இரண்டும் சேர்ந்தே ஏறும். இடையில் ஏறத்தாழ 0.8 வோல்ட் இடைவெளி மாறாமல் இருக்கும்.

எண்ணை மனப்பாடம் செய்வதைவிட உறவைக் கவனியுங்கள். 0.72 இருந்தாலும் 0.80 இருந்தாலும் வண்டி ஓடும்; பாதி என்ற உறவு உடைந்தால் ஓடாது. பெடல் கப்ளரில் பெரும்பாலும் இரண்டு சென்சாருக்கும் தனித்தனி 5 வோல்ட், தனித்தனி எர்த் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு சப்ளை சரி என்று சொல்லிவிட முடியாது.

த்ராட்டில் பாடியில ரெண்டு சிக்னலையும் கூட்டினா அஞ்சு வரணும்னு சொல்றாங்களே, அது உண்மையா?

ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கும் வகையில் அது உண்மை. பெரும்பாலான பாடிகள் இந்த வகைதான். ஒன்று 0.8 என்றால் மற்றொன்று 4.2, ஒன்று 2.1 என்றால் மற்றொன்று 2.9. இரண்டும் சேர்ந்து ஏறும் பாடிகளும் உண்டு, அவற்றில் இந்தக் கணக்கு செல்லாது. எனவே பெடலை ஒருமுறை மெதுவாக அழுத்தி, இரண்டும் எந்தத் திசையில் போகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டுத்தொகைக்குள் ஒரு பெரிய உதவி ஒளிந்திருக்கிறது. கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கும்போது, பாடிக்கு வந்து சேரும் சப்ளை வோல்டேஜோடு அங்கே எர்த் ஒயரில் தேங்கி நிற்கும் வோல்டேஜைக் கூட்டினால் வருவதே இந்தத் தொகை. கூட்டுத்தொகை எல்லா நிலையிலும் 4.7 என்று குறைந்தே நின்றால் சப்ளை வழியில் 0.3 வோல்ட் தொலைகிறது. எல்லா நிலையிலும் 5.3 என்று கூடியே நின்றால் எர்த் வழியில் 0.3 வோல்ட் தேங்குகிறது. தகடு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தொகை துள்ளினால், அந்த இடத்தில் சென்சாரின் தடம் தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் பாடியைக் குறை சொல்லலாம். இந்த ஒரு கணக்கைப் பழகிக்கொண்டால் வீண் செலவு பெருமளவு தவிரும் என்பது என் அனுபவம்.

எர்த் ஒயரை ஓம்ல பார்த்தேன், பூஜ்யம்தான் காட்டுது. அப்புறம் எப்படி எர்த் கோளாறுன்னு சொல்றீங்க?

ஓம் அளவில் மீட்டர் மிகச் சிறிய மின்சாரத்தை மட்டுமே அனுப்பிப் பார்க்கிறது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது நல்ல ஒயர் என்றே சொல்லும். வேலை நடக்கும்போது அளக்க வேண்டும். கப்ளர் மாட்டியபடி, சாவி ஆன் நிலையில், சிவப்பு முனையைச் சென்சார் எர்த் பின்னிலும் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து மில்லிவோல்ட்டில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் அந்த வழியைத் தேடிப் போக வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு ஹேட்ச்பேக்கைச் சொல்கிறேன். பெல்லந்தூர் பக்கம் தேங்கிய நீரில் ஓடிய வண்டி. பி2135 விழுந்து, வேறொரு இடத்தில் புதிய த்ராட்டில் பாடி போட்டும் மூன்றே நாளில் அதே கோடு. புதிய பாடியில் முதல் சிக்னல் 1.06, இரண்டாவது 4.22, கூட்டினால் 5.28. பெடலை அழுத்தி வேறு நிலையில் பார்த்தாலும் 5.28தான். சப்ளை 4.99. அப்படியானால் எர்த்தில் 0.29 இருக்க வேண்டும் என்று அளந்தால், அப்படியே 0.29. பின்னோக்கிப் போய் இ.சி.யு. கப்ளரைக் கழற்றியபோது ஒரு பின்னின் அடியில் பச்சைப் பூஞ்சைபோல் களிம்பு ஏறியிருந்தது. அந்தப் பின்னைச் சுத்தம் செய்து, கப்ளர் பக்கத்து முனையை மாற்றி, ரப்பரைச் சரியாக உட்கார வைத்ததும் 5.01க்கு வந்தது. கழற்றிப் போட்ட பழைய பாடியில் எந்தக் குறையும் இல்லை. அந்த வண்டிக்காரர் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை இழந்திருந்தார்.

அஞ்சு வோல்ட்டே வரலைன்னா இ.சி.யு. போச்சுன்னு அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். ஒரே 5 வோல்ட் வழியை இ.சி.யு. பல சென்சார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். ஏ.சி. பிரஷர் சென்சாரின் ஒயர் எங்கோ உரசி வண்டியின் இரும்பு உடலைத் தொட்டால், த்ராட்டில் சப்ளையும் சேர்ந்தே விழும். மீட்டரை 5 வோல்ட் ஒயரில் வைத்துக்கொண்டு, அதே சப்ளையில் இருக்கும் சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்பி வருகிறதோ அதுவே கீழே இழுத்த ஆள். இந்த 5 வோல்ட் வழியில் பழுது என்று சொல்லும் பி0641, பி0651 போன்ற கோடுகளும் சேர்ந்து விழுந்திருந்தால் இந்த வழியையே முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வரவில்லை என்றால், சாவியை ஆஃப் செய்து இ.சி.யு. கப்ளரையும் கழற்றி, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ.சி.யு.வுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும் சரியா என்றும் பார்த்துவிட்டுத்தான் இ.சி.யு. பெயரை எடுக்க வேண்டும்.

மோட்டார் போச்சான்னு தெரிய நேரா பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இ.சி.யு. அந்த மோட்டாருக்கு முழு 12 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுப்பதில்லை. நொடிக்குப் பலமுறை ஆன், ஆஃப் செய்து அளந்து கொடுக்கிறது. நேராகக் கொடுத்தால் தகடு அடித்துக்கொண்டு போய் முட்டும், பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பல் உடையக்கூடும். மேலே ஆறு ஒயர்களைப் பற்றிச் சொன்ன இடத்தில் உள்ளபடி ஓம் அளந்தாலே போதும். அளக்கும்போதே சாவி ஆஃப் நிலையில் தகட்டை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஓம் திடீரென்று எல்லையில்லாமல் எகிறினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

ஓடும்போது இரண்டு மோட்டார் ஒயர்களுக்கு இடையே மீட்டரை வைத்தால் சராசரி மட்டுமே தெரியும். அதில் எண்ணைவிடக் குறியைக் கவனியுங்கள். ஸ்பிரிங் நிறுத்தி வைத்திருக்கும் நிலையைத் தாண்டித் திறக்கும்போது ஒரு குறியும், அதைவிடக் கீழே மூடும்போது எதிர்க்குறியும் வரும். குறியே மாறவில்லை என்றால் ஏதோ ஒரு திசைக்கு ஓட்டம் கிடைக்கவில்லை.

சாவி ஆஃப் பண்ணினாலும் த்ராட்டில் லேசாத் திறந்தே இருக்கு. ஸ்பிரிங் உடைஞ்சிருச்சா?

இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். லிம்ப் மோடைப் பற்றி முதல் பதிலில் சொன்ன நிலை இதுவே. விரலால் மூடப் பார்த்தாலும் ஸ்பிரிங் எதிர்க்கும், திறக்கப் பார்த்தாலும் எதிர்க்கும். ஆனால் சாவி ஆன் நிலையில் விரலை உள்ளே விடவே விடாதீர்கள். மோட்டார் இழுத்தால் விரல் நசுங்கும்.

ஒர்க்ஷாப்ல நல்லா இருக்கு மாஸ்டர், ஹெப்பால் மேம்பாலத்துல ஏறும்போது மட்டும் வண்டி எடுக்க மாட்டேங்குது. இதை எப்படிப் பிடிக்கறது?

இதுதான் கடினமான வகை. சாதாரண மீட்டரின் எண்கள் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். சில மில்லிநொடி மட்டும் சிக்னல் அறுந்தால் அது கண்ணில் படாது, ஆனால் இ.சி.யு. பார்த்துவிடும். இங்கேதான் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடிக்கும் வசதி உதவுகிறது. மீட்டரைச் சிக்னலில் மாட்டி, அந்தப் பதிவைத் தொடங்கி, சாவி ஆன் நிலையில் பெடலை மிக மெதுவாக, பத்து நொடி எடுத்துக்கொண்டு, முழுவதும் அழுத்தி விடுங்கள். பிறகு பெடலைத் தொடாமல் ஒயரிங்கை ஓரோர் அங்குலமாக ஆட்டுங்கள். 0.76லேயே நிற்க வேண்டிய சிக்னலுக்குக் குறைந்தபட்சம் 0.11 என்று பதிவாகியிருந்தால் கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள்.

மேம்பாலத்தில் மட்டும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு, அல்லது இன்ஜின் அழுத்தம் எடுக்கும்போது ஒருபக்கம் சாய்ந்து ஒயரை இழுப்பது. இன்ஜின் மவுண்ட் தொய்ந்த வண்டிகளில் இரண்டாவது காரணத்தை முதலில் சந்தேகியுங்கள். மிக நுண்ணிய அறுபடல்களை மீட்டர் பிடிக்காமல் போகலாம். அதற்கு, சிக்னலை அலைக்கோடாகத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்தான் வேண்டும்.

டீசல் வண்டிக்கும் இதே டெஸ்ட்தானா?

பெடல் பக்கம் அப்படியே இதேதான். ஆனால் டீசலில் காற்று வழியில் இருக்கும் தகடு வேகத்தை ஆள்வதில்லை. அது இயல்பில் திறந்தே இருக்கும். புகை மறுசுழற்சிக்கும் இன்ஜினை அதிராமல் நிறுத்துவதற்கும்தான் மூடும். எனவே டீசலில் பிக்கப் இல்லை என்றதும் அந்தத் தகட்டின் மீது பாய வேண்டாம்.

எல்லா வோல்டேஜும் சரியா இருக்கு, ஆனாலும் வேகம் ஏறலை. இனி என்ன பார்க்கறது?

பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக அழுத்தப்பட்டால் பல வண்டிகளில் இ.சி.யு. பிரேக்கையே நம்பி வேகத்தைக் குறைத்துவிடும். அந்தச் சுவிட்சில் இரண்டு தொடர்புகள் இருந்து, பிரேக் லைட் சரியாக எரிந்தும், மற்றொன்று மாட்டிக்கொண்டிருக்கலாம். பிரேக் பெடலைத் தொடாமலும் அழுத்தியும் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

அடுத்தது, புதிய வண்டிகள் சிலவற்றில் த்ராட்டில் சென்சார் வோல்டேஜை ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, சென்ட் எனப்படும் டிஜிட்டல் துடிப்புகளாக அளவை அனுப்புகிறது. அந்த ஒயரில் தகட்டை எங்கே வைத்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே சராசரியைக் காட்டும். அதைப் பார்த்துச் சென்சார் இறந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அத்தகைய வண்டியில் சப்ளை, எர்த், மோட்டார் ஓம் ஆகியவற்றோடு மீட்டரின் வேலை முடிந்தது. மீதிக்கு ஸ்கேனரும் ஆஸிலோஸ்கோப்பும் வேண்டும்.

த்ராட்டில் பாடியில் படிந்த கார்பனைத் துடைத்த பிறகு இந்தப் புகார் வந்திருந்தால், தகட்டின் மூடிய நிலையை இ.சி.யு. புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. சில வண்டிகளில் சாவியை ஆன் செய்து பெடலைத் தொடாமல் சற்று விட்டால் தானே கற்றுக்கொள்ளும், மற்றவற்றுக்கு ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

சிவாஜிநகர்ல பழைய த்ராட்டில் பாடி வாங்கப் போறேன். கடையிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. மொபைல் பவர் பேங்க் ஒன்றும், அதன் 5 வோல்ட்டை வெளியே எடுக்கும் இரண்டு ஒயர்களும், மீட்டரும் எடுத்துப் போங்கள். எந்தப் பின் சப்ளை, எந்தப் பின் எர்த் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால், உரசும் தடம் இல்லாமல் காந்தத்தைக் கொண்டு அளக்கும் வகைச் சென்சார் அங்கேயே எரிந்துவிடக்கூடும். அந்த வகையை ஓம் வைத்து அளப்பதாலும் எதுவும் தெரியாது.

மின்சாரம் கொடுத்ததும் இரண்டு பின்களிலும் பவர் பேங்க் எவ்வளவு தருகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 5.08 என்று வைத்துக்கொள்வோம். பிறகு தகட்டை விரலால் மெதுவாகத் திறந்துகொண்டே இரண்டு சிக்னல்களையும் ஐந்தாறு இடங்களில் நிறுத்திக் கூட்டுங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கும் வகையாக இருந்தால், எல்லா இடத்திலும் 5.08ஐ ஒட்டியே வர வேண்டும். ஓரிடத்தில் 4.8, அடுத்த இடத்தில் 5.2 என்று அலைந்தால் அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.